பெங்களூருக்கு எப்போது வருவது? திருவிழா பார்த்து நாள் குறியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரத் திட்டமிடும் உறவினர்களும் நண்பர்களும் பெரும்பாலும் பள்ளி விடுமுறையையோ, இரண்டு மூன்று நாட்கள் சேர்ந்து வரும் அரசு விடுமுறையையோ பார்த்தே நாள் குறிக்கிறார்கள். வந்தவர்கள் விதான சௌதாவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், கப்பன் பூங்காவில் சிறிது நடக்கிறார்கள், மாலையை ஏதேனும் ஒரு பேரங்காடியில் கழிக்கிறார்கள், ஊர் முழுவதும் வாகன நெரிசல்தான் என்று சொல்லிக்கொண்டே ரயில் ஏறுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கெம்பேகௌடா 1537இல் அமைத்த பழைய பேட்டையும், 1809 வாக்கில் ஆங்கிலேயர் தம் படைக்காக உருவாக்கிய தண்டுப் பகுதியும் சாதாரண நாட்களில் அந்த நெரிசலுக்குப் பின்னால் மறைந்தே கிடக்கின்றன. ஆண்டில் சில நாட்கள் மட்டும் தெருக்கள் வாகனங்களிடமிருந்து மனிதர்களிடம் திரும்பி வருகின்றன. அந்த நாட்களில் வந்து பாருங்கள் என்பதே பல ஆண்டுகளாக இங்கு வாழும் நான் வெளியூர் அன்பர்களிடம் கேட்டுக்கொள்வது. அப்படி வருகிற தமிழர்கள் இன்னொன்றையும் கண்டுகொள்வார்கள்: இவ்வூரின் பெருவிழாக்கள் சிலவற்றில் நம் மண்ணின் வழிபாடும் உழைப்பும் ஆழமாகக் கலந்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சொல்ல வேண்டியது கரகம். நகரத்துப்பேட்டையை ஒட்டிய திகளர்பேட்டையில் தருமராய சுவாமி கோயில் இருக்கிறது. பாண்டவர்களும் திரௌபதியும் வழிபடப்படும் இக்கோயிலில், சைத்ர மாதத்து வளர்பிறையில் கொடியேறி 11 நாட்கள் நடைபெறும் விழாவின் உச்சம்தான் பௌர்ணமி இரவில் புறப்படும் கரகம். விழாவை நடத்துபவர்கள் திகளர் எனப்படும் வன்னிகுல க்ஷத்திரிய சமூகத்தினர். தோட்டக்கலையில் தேர்ந்தவர்களான இவர்கள் பல தலைமுறைகளுக்கு முன் தமிழ் நிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பெங்களூரைச் சுற்றியிருந்த பூந்தோட்டங்களையும் காய்கறித் தோட்டங்களையும் வளர்த்தவர்கள். அவர்களில் பல குடும்பங்களின் வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இன்றும் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

விழாவின் அடியில் உள்ள கதை பாரதப் போருக்குப் பிந்தையது. பாண்டவர்கள் விண்ணுலகம் நோக்கிச் செல்லும் வழியில் திரௌபதி மட்டும் பின்தங்கிவிட, அங்கே ஓர் அசுரன் எதிர்ப்படுகிறான். அவள் ஆதிசக்தியாக உருவெடுத்து, தன்னிடமிருந்தே வீரகுமாரர்கள் என்னும் படையைத் தோற்றுவித்து அவனை அழிக்கிறாள். போர் முடிந்து அவள் புறப்படுகையில் அந்தப் பிள்ளைகள், தங்களை விட்டுப் போகக் கூடாது என்று மன்றாட, ஆண்டுதோறும் வந்து சில நாட்கள் உங்களுடன் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அந்த வருகைதான் கரகம். கரகம் சுமக்கும் பூசாரி நெடுநாள் விரதமிருந்து, மஞ்சள் சேலை உடுத்தி, வளையலும் தாலியும் பூண்டு, தாயின் உருவிலேயே வெளிவருகிறார். அவர் தலையில் கரகமும் அதன்மேல் கோபுரம்போல் எழும் மல்லிகை அலங்காரமும் இருக்கும். கை கரகத்தைத் தொடுவதில்லை. அவரைச் சூழ்ந்து வெற்று மார்புடன், உருவிய வாளேந்தி வீரகுமாரர்கள் ஓடிவருவார்கள். கரகம் தவறி விழுந்தால் சுமப்பவரை அந்த வாள்களே வெட்டிவிட வேண்டும் என்பது பழைய விதி என்று பேட்டையின் முதியவர்கள் சொல்வார்கள்.

விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சற்றும் அந்நியமாக இருக்காது. பாரதம் படிப்பதும், இரவெல்லாம் கூத்து நடப்பதும், அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும், துரியோதனன் படுகளமும், முடிவில் தீமிதியுமாக அங்கே நடக்கும் விழாவின் தாயாகிய அதே திரௌபதிதான் இங்கும் வருகிறாள். வேறுபாடு அவள் நடக்கும் இடத்தில் இருக்கிறது. வயல்வெளியும் ஊர்ப் பொதுத்திடலும் இல்லாமல், துணிக்கடைகளும் நகைப் பட்டறைகளும் மொத்த வியாபாரக் கிடங்குகளும் நெருங்கி நிற்கும் அவென்யூ ரோடு, சிக்குப்பேட்டை, பளேபேட்டை, காட்டன்பேட்டை ஆகிய தெருக்களின் வழியே அவள் நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு விடியும் வரை சுற்றி வருகிறாள். பகலில் கைவண்டியும் சுமையாட்களுமாக மூச்சுவிட இடமில்லாத அந்தத் தெருக்களில், அன்றிரவு மல்லிகை மணமும் ‘கோவிந்தா’ என்னும் முழக்கமும் நிறைந்திருக்கும்.

கரகம் செல்லும் வழியில் காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சூஃபிப் பெரியவரின் அடக்கத்தலத்துக்குச் சென்று மரியாதை செய்துவிட்டே கரகம் மேற்கொண்டு நகர்கிறது. இதை மத நல்லிணக்கத்துக்கான ஒரு சான்றாக மட்டும் குறிப்பிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. தர்காவைச் சுற்றி வாழும் மக்கள் தங்கள் தெருவுக்குத் தாய் வருகிறாள் என்று வாசலில் கூடி நிற்பதையும், வீரகுமாரர்கள் அங்கே ஓய்ந்து நின்று வணங்குவதையும் நேரில் பார்ப்பவர்கள், இது யாரும் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்வதல்ல, அண்டை வீட்டுக்குச் செல்வதுபோல் இயல்பாகிவிட்ட ஒரு முறை என்பதை உணர்வார்கள்.

இந்த விழாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பையும் வருபவர்கள் அறிந்திருந்தால் நல்லது. பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் நடைபெறும் ‘ஹசி கரகம்’ என்னும் பச்சைக் கரகச் சடங்கு நீர்நிலைகளோடு பிணைந்தது. ஒருகாலத்தில் நகரத்தின் நடுவே பரந்து கிடந்த சம்பங்கி ஏரி அதற்கு உரிய இடமாக இருந்தது. அந்த ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. திகளர்களின் தோட்டங்களுக்கு நீர் கொடுத்த ஏரிகள் போயின, தோட்டங்களும் போயின. ஆயினும் அந்தத் தோட்டக்காரர்கள் ஆண்டுக்கொருமுறை இந்த ஊரின் நடுத்தெருவைத் தங்கள் தாய்க்காக மீட்டெடுக்கிறார்கள். பெங்களூரில் நான் மதிக்கும் காட்சிகளில் இதற்கு மேலான ஒன்றில்லை.

நாள் குறிப்பதில் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் சந்திரனை வைத்து மாதம் கணக்கிடுகிறார்கள். நாம் சூரியனை வைத்துக் கணக்கிடுகிறோம். ஆகவே கரகம் நம் சித்ரா பௌர்ணமியன்றுதான் வரும் என்று எண்ணிக்கொண்டு சீட்டு எடுத்துவிடக் கூடாது. 2024இல் இரண்டும் ஏப்ரல் 23 அன்று ஒன்றாகவே வந்தன. ஆனால் 2023இல் கரகம் ஏப்ரல் 6 அன்று, நம் பங்குனியிலேயே முடிந்துவிட்டது. நம் சித்ரா பௌர்ணமிக்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யுகாதி என்றைக்கு என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பதினைந்தாம் நாளை ஒட்டி வரும் பௌர்ணமியைக் குறித்துக்கொள்வது எளிய வழி.

கரகத்துக்கென வருபவர்கள் சில நாட்கள் முன்னதாகவே வந்துவிட்டால், இசை ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு விருந்தும் காத்திருக்கிறது. ராம நவமிக்கும் கரகப் பௌர்ணமிக்கும் இடையே ஏறத்தாழ ஆறு நாட்கள்தான். சென்னைக்கு மார்கழி எப்படியோ, பெங்களூருக்கு ராம நவமிக் காலம் அப்படி. சாமராஜப்பேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் இசைவிழா, கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்துப் பந்தலில் ஒரு மாதத்துக்கு மேல் நீளும். எம்.எஸ். சுப்புலட்சுமி உள்ளிட்ட பெருங்கலைஞர்கள் பாடிய மேடை அது. சென்னை சபாக்களின் குளிரூட்டப்பட்ட அரங்குக்குப் பழகியவர்களுக்குத் திறந்த பந்தலின் கோடைக் காற்றும், தொலைவில் கேட்கும் தெருவோசையும் முதலில் சற்றே இடையூறாகத் தோன்றலாம். அரை மணி நேரத்தில் அது மறந்துவிடும். ஒரு விரிவான ராக ஆலாபனையைக் கோடை இரவில் கேட்பதற்கு உரிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ராம நவமியன்று பழைய குடியிருப்புகளின் தெருமுனைகளில் எல்லாம் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வழிப்போக்கர்களுக்கு வழங்கப்படும். வெயிலில் நடந்து வரும் விருந்தினருக்கு இவ்வூர் செய்யும் உபசாரம் அது. தயங்காமல் நின்று வாங்கிக் குடியுங்கள்.

அடுத்து செப்டம்பர். சிவாஜிநகரின் புனித மரியாள் பசிலிக்காவில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி, செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறந்தநாள் பெருவிழா தேர்ப் பவனியுடன் நிறைவுறுகிறது. இங்குள்ள தமிழர்கள் மாதா கோயில் திருவிழா என்றுதான் சொல்வார்கள். இதன் தோற்றத்தைத் தேடிப் போனால், செஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்கள் கூரைவேய்ந்து எழுப்பிய காணிக்கை மாதாவின் சிற்றாலயத்தில் போய் நிற்போம். திரௌபதி வழிபாடு தழைத்து நிற்பதும் அதே செஞ்சி வட்டாரத்தில்தான் என்பதை நினைக்கும்போது, பேட்டையின் பெருவிழாவுக்கும் தண்டுப் பகுதியின் பெருவிழாவுக்கும் பின்னால் ஒரே நிலப்பகுதி நிற்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வியப்பளிக்கிறது. இன்று நாம் காணும், வானளாவிய கோபுரம் கொண்ட கோதிக் பாணிக் கட்டடம் 1882இல் எழுந்தது; 1974இல் பசிலிக்கா என்னும் தகுதியைப் பெற்றது. மாதாவின் திருவுருவத்துக்குச் சேலை உடுத்தி வைத்திருப்பார்கள்.

பெருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் வழிபாடான நவநாட்களில் காவி உடை அணிந்து, வெறுங்காலுடன், நகரத்தின் தொலைதூரப் புறநகர்களிலிருந்து நடந்தே வரும் கூட்டத்தைப் பார்க்கையில் வேளாங்கண்ணிக்குச் செல்லும் சாலை நினைவுக்கு வரும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று திருப்பலி மாறி மாறி நடக்கும். மெழுகுவத்தியும் பூமாலையும் ஏந்தி வரிசையில் நிற்பவர்களில் இந்துக்களும் இசுலாமியரும் கணிசமாக இருப்பார்கள். பக்கத்திலேயே ரசல் மார்க்கெட். அதன் பூக்கடைகளுக்கு இந்த நாட்கள் ஓய்வில்லாதவை. செப்டம்பர் 8 மாலை தேர் பார்க்க வேண்டுமென்றால் முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்து வராதீர்கள். அவர்களுக்கு நவநாட்களின் ஒரு காலைநேரமே ஏற்றது. சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். பல ஆண்டுகளில் இதே காலத்தை ஒட்டி விநாயக சதுர்த்தியும் வரும். பசவனகுடியில் 1962 முதல் நடந்துவரும் பெங்களூர் கணேச உற்சவத்தின் இசை நிகழ்ச்சிகளுக்கு ஒரு மாலையை ஒதுக்கினால், ஒரே பயணத்தில் ஊரின் இரண்டு முகங்களைப் பார்த்துவிடலாம்.

குழந்தைகளுடன் வருவதற்கு ஏற்ற விழா எது என்று கேட்டால், பசவனகுடியின் கடலைக்காய்ப் பரிசெ என்னும் வேர்க்கடலைத் திருவிழாவைத்தான் சொல்வேன். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று தொட்ட பசவண்ணர் கோயிலை ஒட்டிய புல் டெம்பிள் சாலை முழுவதும் வேர்க்கடலைக் குவியல்களாக மாறிவிடும். ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தி அமர்ந்திருக்கும் கோயில் அது. சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி, மாவள்ளி முதலிய பழைய கிராமங்களின் உழவர்கள் பயிரிட்ட கடலையை இரவுதோறும் ஒரு காளை வந்து மேய்ந்துவிட்டுப் போனதாகவும், பின்னர் அக்காளையே கல்லாகி அமர்ந்ததாகவும், அன்றுமுதல் விளைச்சலின் முதல் கடலையை அதற்குப் படைப்பதாக அவர்கள் நேர்ந்துகொண்டதாகவும் கதை. அந்தக் கிராமங்கள் இன்று நகரத்தின் நெரிசலான குடியிருப்புகள்; ஒரு கடலைச் செடியும் அங்கில்லை. ஆனாலும் கோலார், சிக்கபள்ளாப்பூர், துமக்கூரு மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன.

பச்சைக் கடலை, வறுத்த கடலை, அவித்த கடலை என்று வகை பிரித்து, மணிகளின் அளவையும் நிறத்தையும் சொல்லி விற்பார்கள். இரண்டு விதை உள்ளது வேண்டுமா, மூன்று விதை உள்ளது வேண்டுமா என்று கேட்பார்கள். படியால் அளந்து கொட்டுவதைப் பார்க்கவே நகரத்துப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். உழவரிடமே நின்று, எந்த மழையில் விதைத்தீர்கள், இந்த ஆண்டு விளைச்சல் எப்படி என்று கேட்டால் மலர்ந்த முகத்துடன் பதில் சொல்வார்கள். அங்கே பேரம் பேசுவதை நான் விரும்புவதில்லை. மழையை நம்பி விளைவித்து, மூட்டையோடு இரவுப் பயணம் செய்து, நடைபாதையில் படுத்து விற்கும் மனிதரிடம் பத்து ரூபாயைக் குறைத்து வாங்குவதில் நமக்கு ஒரு பெருமையும் இல்லை. துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை மாலைக் கூட்டம் மிக அதிகம். கடைகள் முன்னும் பின்னும் சில நாட்கள் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சென்றுவிடலாம். இதற்கும் நம் கார்த்திகையை நம்பக் கூடாது: 2023இல் டிசம்பர் 11 அன்று வந்த பரிசெ, 2024இல் நவம்பர் 25 அன்றே வந்துவிட்டது.

சனவரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அம்மாதத்தில் எந்த வாரம் வந்தாலும் ஏதேனும் ஒன்று கிடைக்கும். மாதத் தொடக்கத்தின் ஞாயிறு ஒன்றில் குமரகிருபா சாலையில் கர்நாடகச் சித்ரகலா பரிஷத்து நடத்தும் சித்திரச் சந்தை கூடுகிறது. 2003இல் தொடங்கிய இச்சந்தையில் நாடெங்கிலுமிருந்து வரும் ஓவியர்கள் தெருவோரத்தில் தங்கள் படைப்புகளை வைத்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுச் சுவருக்கு ஓர் ஓவியம் வாங்க நினைப்பவர்கள், வரைந்தவரிடமே பேசி, அவர் ஏன் அந்த நிறத்தைத் தேர்ந்தார் என்று கேட்டு வாங்கக்கூடிய இடம் இதைவிட வேறில்லை. அதே பருவத்தில் பசவனகுடிப் பக்கம் அவரைக்காய் மேளா நடக்கும். பிதுக்கிய பருப்பில் செய்த குழம்பும், அவரைமணி சேர்த்த தோசையும் உப்புமாவும் கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குத் தங்கள் வீட்டுச் சமையலாகவே இருக்கும்.

பொங்கலன்று இங்கிருந்தால் கவிபுரத்துக் கங்காதரேசுவரர் குகைக்கோயிலை விட்டுவிடாதீர்கள். சங்கராந்தி மாலையில் சூரியக் கதிர் நந்தியின் கொம்புகளுக்கு இடையே நுழைந்து, குகைக்குள் உள்ள இலிங்கத்தின் மேல் சில நிமிடங்கள் படும். உள்ளே இடம் மிகக் குறைவாதலால் பெரும்பாலானோர் வெளியே திரையில்தான் பார்க்க முடியும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. ஆயினும் பகலவனுக்குப் பொங்கலிட்ட நாளின் மாலையில், அவன் வந்து சேரும் நேரத்தை அறிந்து கல்லை அமைத்த தச்சர்களின் திறனுக்கு முன் நிற்பது தகும்.

குடியரசு நாளை ஒட்டியும் சுதந்திர நாளை ஒட்டியுமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும் லால்பாக் மலர்க் கண்காட்சியை அறியாதவர் இல்லை. 1760இல் ஐதர் அலி தொடங்கிய தோட்டம். 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை. விடுமுறை நாளில் சென்றால் மலரைவிட மனிதத் தலைகளையே மிகுதியாகக் காண்பீர்கள் என்பதால், வார நாளின் காலையில் கதவு திறக்கும்போதே சென்று, மாளிகையைப் பார்த்து முடித்தபின் கூட்டத்தை விட்டு விலகி, பல நூறு கோடி ஆண்டுகள் பழமையான அந்தப் பாறைக்குன்றின்மேல் ஏறிக் கெம்பேகௌடா கோபுரத்தருகே சிறிது நேரம் அமர்ந்திருங்கள். பூக்களால் ஆன மாதிரிக் கட்டடங்களைவிட, அந்தத் தோட்டத்தின் முதிர்ந்த மரங்களே எனக்குப் பெரிய கண்காட்சி.

தங்குமிடம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கரகத்துக்கு வருபவர்கள் காந்திநகர், மெஜஸ்டிக் பகுதிகளில் அறை எடுப்பது நல்லது. அன்றிரவு மெட்ரோ வழக்கமான நேரத்தில் நின்றுவிடும். பேட்டைத் தெருக்களில் ஆட்டோவும் நுழையாது. அங்கிருந்து நடந்தே போய் நடந்தே திரும்பலாம். தருமராய சுவாமி கோயில் வாசலில் இடம் பிடிக்க முயலாமல், அவென்யூ ரோட்டில் ஒரு கடைத் திண்ணையில் நள்ளிரவுக்கு முன்னரே அமர்ந்துவிடுங்கள். வீரகுமாரர்கள் ஓடிவரும்போது வழியை விட்டுச் சுவரோடு ஒதுங்கி நில்லுங்கள். கரகம் சுமப்பவரின் முகத்துக்கு நேரே கைப்பேசி விளக்கைப் பாய்ச்சாதீர்கள். தலையில் தாயைச் சுமந்து, கையால் தொடாமல், விடிய விடிய நடக்கும் மனிதரின் கண்ணைக் கூசச் செய்வது பெரும் பிழை. பசவனகுடிக்கும் லால்பாக்குக்கும் மெட்ரோவின் பச்சைத் தடமே போதும். சென்னை ரயில்கள் சில நகரத்தின் நடுவிலுள்ள பெரிய நிலையத்துக்கு வராமல் பையப்பனஹள்ளியோடு நின்றுவிடுகின்றன. சீட்டு எடுக்கும்போது நிலையத்தின் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.